பதப்படாத தோல்

பறைக்கு ஆகிற தோல் திண்டுக்கல் பேகம்பூரின் பதனிடும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது. இறங்கினால் செருப்பாகும், இடுப்பு வாராகும், கைப்பையாகும், கப்பலேறி ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் காலில் பூட்ஸாகவும் ஆகும்; சத்தம் மட்டும் வராது. ஒரு நாட்டார் பாடகர் கைக்காசைப் போட்டுத் தன் பாட்டுகளை ஆல்பமாக்க ஸ்டுடியோவில் உட்காரும்போது, அதில் கேட்கப்போகும் பறையின் குரல் என்றைக்கோ ஒரு தோல்மண்டி வாசலில் முடிவாகிவிட்டிருக்கிறது. ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடகரின் ஊரிலிருந்தோ பாட்டியின் தாலாட்டிலிருந்தோ தொடங்குவார்கள். நான் தோலிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத் திண்டுக்கல்லை விட்டால் எனக்கு வேறு ஊர் தெரியவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். அவர்கள் ஊரில் தோல் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோல்ஷாப் என்கிற பதனிடும் ஆலையும், தோல்ஷாப்பைப் பற்றிய பெரிய நாவலும், பறையைக் கையில் எடுத்த பெண்களும் ஒரே ஊரில் சேர்ந்தது இங்கேதான்.

1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். மலைக்கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் இங்கேயே இறந்து இங்கேயே அடக்கமானார். அந்த அடக்கத்தலமும் பெரிய பள்ளிவாசலும் இருக்கிற பகுதிதான் பேகம்பூர். தோலைத் தொட மேல்சாதி இந்துக்கள் கூசிய காலத்தில், தமிழ்நாட்டில் அந்த வியாபாரத்தை எடுத்து நடத்தியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். தொட்டியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். திண்டுக்கல்லும் அதற்கு விலக்கில்லை. ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் தோல்ஷாப்புகள் பெருகின. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பேர் வாங்கிய ஊர் தோலுக்கும் பேர் வாங்கியது. பிரியாணியின் பேர் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இத்தனை பிரியாணிக்கும் உரித்த ஆட்டுத்தோல் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்?

தோல் பல வழியில் வரும். அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையில் கைமாறும் ஆடுகள் கறிக்கடைகளுக்குப் போய், தோல் மட்டும் தனியே மண்டிக்கு வரும். மணப்பாறைச் சந்தையில் உழவுக்கு ஆகாது என்று தள்ளிய மாடு வேறு வழியாக வரும். கிராமத்தில் செத்த மாட்டின் தோல் இன்னொரு வழியாக வரும். எந்த வழியில் வந்தாலும் முதல் எதிரி வெயில். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். உடனே உப்பை அள்ளிக் கொட்டவேண்டும், அதுவும் தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை. அந்த உப்பு முழுவதும் பிறகு கழுவுதண்ணீரில் வெளியே போகும். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

பறைக்காரர் தேடும் தோல் இந்த உப்புக்கு முன்னாலேயே பிரிந்துபோகிறது. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய தோல் தொய்யும், தொய்ந்த தோல் முழங்காது. அதனால் பறைக்கு வேண்டியது உரித்த கையோடு இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்த தோல். கன்றின் தோல் மெல்லிசு என்பதால் அதற்குத் தனி மதிப்பு. தவிலுக்குக் கணக்கு வேறு: வலந்தலைக்கு எருமைக்கன்றின் தோல், இடப்பக்கத் தொப்பிக்கு ஆட்டுத்தோல். மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றும் வேண்டும். அந்தப் பசுத்தோல் எங்கிருந்து வருகிறது, யார் அதைச் சீவி மாட்டுகிறார்கள் என்று கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா ஆங்கிலத்தில் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்குச் சென்னையில் அரங்கம் கொடுத்திருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது; விழா வேறு இடத்தில் நடந்தது. மேடையில் மிருதங்கத்துக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அதன் தோலைப் பற்றிப் பேசினால் மட்டும் அரங்கம் சின்னதாகிவிடுகிறது.

தொட்டிக்குள் போகும் தோலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான் பறையின் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பையும் ரத்தத்தையும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. முடி இளகியதும் வழித்தெடுத்து, உட்பக்கச் சதையையும் சவ்வையும் சீவுவார்கள். உப்பு ஒன்றைத் தவிர, அதுவரைக்கும் பறைத்தோலும் செருப்புத்தோலும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடக்கும். பெரிய பிரிவு அதற்கப்புறம்தான். செருப்புத்தோல் பட்டைச்சாற்றுக்குள் இறங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நம் பழைய சரக்கு. பிற்பாடு கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தத் தோல் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்பதுதான். அந்த மரம் இன்று பழனிமலையின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு செருப்பு பதப்படுவதற்காக மேலே ஒரு மலையின் முகமே மாறிப்போனது. பட்டைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதையும் குரோமியம் உப்பு ஒன்றிரண்டு நாளாகக் குறைத்துவிட்டது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பதனிடாமல் காயவைத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். தோல் விறைத்து, விளிம்பில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். தட்டினால் 'டண்' என்று திருப்பிப் பேசும். பதனிட்டால் பட்டைச்சாறோ குரோமியமோ இழைகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பிரித்து நிறுத்திவிடும். காய்ந்தாலும் ஒட்டாது, மடக்கினாலும் முறியாது, ஈரத்தில் அழுகாது. பச்சைத்தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். குரோம் ஏற்றிய தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டே சோதிப்பார்கள். அதாவது பதனிடுதல் என்பது தோலுக்குச் சூடு சுரணை இல்லாமல் செய்வது. செருப்புக்கு அது நல்லது, ஆனால் பறைக்கு அதுதான் மரணம். நெருப்பைக் காட்டினால் உடனே இறுகுவதும், பனியைக் கண்டால் உடனே தொய்வதும்தான் பறைத்தோலின் உயிர்.

கிராமத்தில் இந்தத் தோலுக்கு ஒரு காலத்தில் மூன்று வேலைகள் இருந்தன. கிணற்று நீர் இறைக்கும் கமலை ஏற்றத்தில் சாலோடு சேர்த்துக் கட்டுகிற தோல் ஒன்று, செருப்பும் வாரும் ஒன்று, பறை ஒன்று. செத்த மாட்டைத் தூக்குவது, உரிப்பது, பண்ணையாருக்குக் கமலைத்தோல் தைத்துக் கொடுப்பது, சாவுக்கு அடிப்பது எல்லாமே சில குடும்பங்களின் தலையில் கட்டிய கடமைகள். மின்சார மோட்டார் வந்ததும் கமலை போனது. பஜாரில் செருப்பு மலிந்ததும் அந்த வேலையும் போனது. பறை மட்டும் மிஞ்சியது, கூடவே இழிவும். பதப்பட்ட தோலைக் காலில் மாட்டுகிறவருக்கு ஒட்டாத தீட்டு, பதப்படாத தோலைத் தோளில் மாட்டுகிறவருக்கு மட்டும் எப்படி ஒட்டியது என்பதற்கு இந்த ஊரில் யாராலும் பதில் சொல்ல முடியாது. மற்ற ஊர்களிலும் முடியாது.

தோல்ஷாப்பு மனிதர்களை எழுத்தில் கொண்டுவந்தவர் டி.செல்வராஜ். திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர், தொழிலாளர் வழக்குகளோடு வாழ்ந்தவர். 2010இல் வந்த அவருடைய 'தோல்' நாவலுக்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் கைகாலைப் புண்ணாக்கிக்கொள்ளும் தொழிலாளிகள், அவர்களைக் கடனால் கட்டிப்போட்ட முதலாளிகள், செங்கொடிச் சங்கம் உருவான கதை எல்லாம் அதில் உண்டு. தமிழில் தொழிற்சாலை நாவல்கள் குறைவு, நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு எழுதியவை அதைவிடக் குறைவு. இலக்கிய நுணுக்கம் தேடுகிறவர்கள் நாவலின் நீளத்தைக் குறை சொல்வார்கள். எனக்கு அந்த நீளம் பிடிக்கும், ஏனென்றால் ஒரு தோல் பதப்படுவதற்கும் அத்தனை நாள் ஆகிறது.

உப்பின் கதை கோர்ட்டில் போய் முடிந்தது. திண்டுக்கல் பக்கத்துக் குடகனாற்றுப் படுகையில் கிணறுகள் கரித்துப்போயின. விவசாயிகள் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டத் தோல்ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியது இந்தத் தீர்ப்பில்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சில ஷாப்புகள் மூடின. கிணற்றுத் தண்ணீர் பழைய ருசிக்குத் திரும்பவில்லை. பறைத்தோல் இந்தப் பாவத்தில் பங்காளி இல்லை. அதற்குப் போனது ஒரு குடம் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு கிண்ணம் பசையும்தான்.

அந்தப் பசை புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சியது. பறையின் சட்டம் வேம்பு அல்லது வாகை, மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி இரும்புப் பட்டையால் இணைத்தது. குறுக்களவு சுமார் 35 சென்டிமீட்டர். நனைத்த தோலை விளிம்பில் பசை தடவிப் போர்த்தி, இழுத்துப் பிடித்துக் காயவைப்பார்கள். காயக்காயத் தோலே தன்னை இறுக்கிக்கொள்ளும். ஆணியோ முறுக்கோ கிடையாது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் வார் இருக்கிறது, சுருதி கூட்ட வழி இருக்கிறது. பறைக்கு நெருப்பு ஒன்றுதான். வைக்கோலைக் கொளுத்தி, தோல் முகத்தைக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, சரியான நேரத்தில் எடுக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினால் கிழியும். இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் குச்சி, வலக்கையில் குட்டையாய்த் தடித்த அடிக்குச்சி. ஒன்று சிலம்பும், ஒன்று அதிரும்.

1980களிலும் 90களிலும் இந்தக் கருவியைச் சுற்றி இரண்டு முடிவுகள் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. இனிமேல் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பல ஊர்களில் தலித் இளைஞர்கள் பறையை இறக்கி வைத்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். இன்னொரு பக்கம், இழிவு கருவியில் இல்லை, அடிக்கச் சொன்ன கட்டளையில்தான் இருக்கிறது என்று சொல்லி அதே பறையை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டுமே நியாயம்தான். இறக்கி வைத்தவர்களின் கோபம் இல்லாமல் மேடைக்கு வந்தவர்களின் பெருமிதத்துக்கு அர்த்தமே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

மேடைக்கு வந்தவர்களில் திண்டுக்கல்லுக்குத் தனி இடம் உண்டு. அருட்சகோதரி சந்திரா 1990 வாக்கில் தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்தது. ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவி அது. பெண்கள் தாங்களே வைக்கோல் மூட்டிக் காய்ச்சி, அடவு போட்டுக்கொண்டே அடித்தார்கள். இந்தக் குழுவைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2019இல் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அதற்கு முன் 2011இல் முனைவென்றி கிராமத்தின் குறிஞ்சி மலர் குழுவைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். அதற்கும் முன்னால் ஷெரினியன் ஆய்வு செய்ததோ வேறு ஒரு மனிதரை. அந்த மனிதரிடம்தான் நம் தோல் முதல்முதலாக ஒலிநாடாவின் முன்னால் சிக்கலோடு நிற்கிறது.

அவர் ஜே.தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், குருவானவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பரட்டை'. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர். இன்றைய வார்த்தையில் சொன்னால் சுயாதீனப் பாடகர், பாடலாசிரியர். கோயில் வழிபாடு முழுவதையும் கிராமத்து மெட்டில் அமைத்து 'கிராமிய இசை வழிபாடு' உருவாக்கினார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கர்நாடக மெட்டில் கீர்த்தனை பாடுவதுதான் பக்தி என்று பழகியிருந்த திருச்சபைகளுக்கு அது சுலபமாக ஜீரணமாகவில்லை. எல்லாரும் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுவதுதான் விடுதலை என்பது அவர் இறையியல். பாட்டையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கேட்கிறவர்கள் வரியை மாற்றலாம், மெட்டை வளைக்கலாம், தங்கள் ஊர்ச் சங்கதியைச் சேர்க்கலாம். மாற்ற முடியாத பாட்டு நாட்டார் பாட்டே இல்லை என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் கேசட் போட்டால் என்ன ஆகும்? கேசட் என்றாலே ஒரு பாட்டை ஒரே மாதிரியாக உறையவைப்பதுதானே. ஆனால் கேசட் இல்லாமல் பாட்டு கிராமத்துக்குப் போகாது. 80களில் கேசட் வந்தபிறகுதான் பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல் ஒருவர் தன் பாட்டை வெளியிட முடிந்தது. கூட்டம் நடக்கிற இடத்தில் துணி விரித்து விற்கலாம், டேப் வைத்திருப்பவர் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். சிவகங்கைச் சீமை மாரந்தையிலிருந்து வந்த நாட்டார் பாடகர் கே.ஏ.குணசேகரன் கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது மேடையாலும் கேசட்டாலும்தான். 2005இல் 'வடு' என்ற தன்வரலாற்றையும் எழுதிய அவர் 2016 ஜனவரியில் காலமானார். குணசேகரனுக்குக் கேசட் ஒரு மெகாபோன். அப்பாவுக்கு அது விதைநெல்: முளைத்தபிறகு பயிர் எப்படி வேண்டுமானாலும் வளரட்டும் என்று விட்டார். இருவரில் யார் சரி என்று கேட்டால், என் மனம் அப்பாவு பக்கம். ஆனால் என் காதில் இன்றும் ஒலிப்பது குணசேகரனின் குரல்.

இனி ஸ்டுடியோவுக்குள் போவோம். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இரும்பு ஆக்ஸைடு பூசிய அந்த மெல்லிய பட்டையில்தான் குரலும் ஆர்மோனியமும் பறையும் நெருக்கியடித்து உட்காரவேண்டும். பறையின் அடி திடீரென்று உச்சத்துக்கு ஏறி உடனே இறங்குகிற ஒலி. நாடா அதைத் தாங்காது. மீட்டர் முள் சிவப்பில் போய் முட்டும், அடியின் கூர் மழுங்கும். ஒலிப்பதிவாளர் என்ன செய்வார்? மைக்கைத் தள்ளி வைப்பார், அளவைக் குறைப்பார். பறை பின்னால் போய்விடும். அந்தக் காலத்து நாட்டார் கேசட்டுகள் பலவற்றில் பாடகரின் வாய்க்குப் பக்கத்தில் கீபோர்டு இருக்கும், பறை வெளியே எங்கேயோ கேட்கும். கூடவே எதிரொலியைச் சேர்த்து மெருகு போடுவார்கள். தொட்டியில் போடாமல் தப்பித்து வந்த தோலை ஸ்டுடியோவில் பதனிட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. பறை முன்னால் வந்தால் அது 'சாவு மேளம்' போல இருக்கும் என்ற பயமும் மிக்ஸிங் மேஜையில் உட்கார்ந்திருந்தது.

வைக்கோல் விவகாரம் தனி. ஸ்டுடியோவுக்குள் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே காய்ச்சி, ஓடிவந்து அடிக்கவேண்டும். காய்ச்சியெடுத்த தோல் அறைக்காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடித்துக்கொண்டே இருக்கும். பாட்டின் முதல் சரணத்தில் இருந்த குரல் கடைசிச் சரணத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். தனித்தனியாக எடுத்த பதிவுகளை வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரியும். திருவிழாவில் இது யாருக்கும் குறையாகப் படுவதில்லை, அங்கே ஆட்டத்துக்கு நடுவில் காய்ச்சுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதி. ஸ்டுடியோ மட்டும் இதைக் குறை என்கிறது.

கணினிப் பதிவு வந்ததும் நாடாவின் இடப்பற்றாக்குறை தீர்ந்தது. மேடையில் பறை நிற்கும் இடமும் மாறியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது மேடையில் பத்தொன்பது பேர். திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து பேரை எடுத்துக்கொண்டது. கிடாரும் டிரம்ஸும் இருந்த அதே வரிசையில் பறை நின்றது. பின்னால் இல்லை, பக்கத்தில். குழுவில் இருந்த ராப் பாடகர் அறிவு 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஓடியது. இலங்கைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவர் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டின் அடியில் கிடக்கிறது. ஆனால் 2022இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோது அறிவு அங்கே இல்லை. யார் எழுதியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சச்சரவு ஊரறிய நடந்தது. பிறகு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தன் ஆல்பத்தின் முதல் பகுதியைக் கொண்டுவந்தார். சுயாதீன இசையில் சண்டை எப்போதும் பேர் போடும் இடத்தில்தான் வெடிக்கிறது.

பாடலாசிரியர் பேருக்கே இந்தப் பாடு என்றால், தோல் மாட்டியவர் பேருக்கு எங்கே போவது? ஆல்பத்தில் இசைக்கோர்ப்பு, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாவற்றுக்கும் ஆள் பேர் இருக்கிறது. வாசித்தவர் பேரும் இப்போதெல்லாம் வருகிறது. இது சின்ன முன்னேற்றம் இல்லை, ஒரு தலைமுறைக்கு முன்னால் 'பறை குழுவினர்' என்று முடித்துவிடுவார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது, பறையடிப்பவருக்கு ஒரு முகம் உண்டு என்பதை டெல்லியும் ஒத்துக்கொண்டது. தோலைச் சீவி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சிப் போர்த்துகிறவர் மட்டும் இன்னும் ஆல்பத்துக்கு வெளியிலேயே நிற்கிறார்.

அவர் தொழிலுக்கு வேறு இடைஞ்சல்களும் உண்டு. 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை அறுப்புக்காக விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஒரு வாரத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த விதி நின்றிருந்தால் தோல்மண்டியும் முடங்கியிருக்கும், மிருதங்கமும் முடங்கியிருக்கும், பறையும் முடங்கியிருக்கும். கச்சேரி மேடையும் பறை மேடையும் ஒரே மாட்டின்மேல் நிற்கின்றன என்பதைச் சபாக்காரர்கள் அந்த ஒரு வாரமாவது நினைத்துப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு இடைஞ்சல் பிளாஸ்டிக். இரும்பு வளையத்தில் ஃபைபர் தாள் பூட்டிய பறை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மழையில் நனைந்தாலும் முழங்கும், நெருப்பு வேண்டாம், திருகைத் திருகினால் இறுகும், எடையும் குறைவு. கல்லூரி மாணவர்களும் புதுக் குழுக்களும் அதைத்தான் வாங்குகிறார்கள், போராட்ட ஊர்வலத்திலும் அதுதான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நாலு மணி நேரம் தோளில் சுமக்கிறவருக்குத்தான் எடை தெரியும். அதோடு, தோலைத் தொட்டதால் வந்த இழிவை ஃபைபர் அறுத்துவிட்டது என்று சொல்கிற இளைஞர்களை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்தால் வித்தியாசம் ஒளியாது. ஃபைபர் உச்சத்தில் கத்தும், அடியில் வயிறு இருக்காது. தோல் அடிக்கு அடி கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் காது 'ஆள் அடிக்கிறார்' என்று புரிந்துகொள்கிறது.

புதிதாக ஆல்பம் போடக் கிளம்புகிறவர் யாராவது இதைப் படித்தால், அவருக்குச் சில யோசனைகள் உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பதிவு வைத்துக்கொள்ள வேண்டாம். மாசி, பங்குனி பாருங்கள், தோல் சொன்னபடி கேட்கும். குளிர்சாதன வசதியைவிட, வாசலில் ஒரு கட்டு வைக்கோல் கொளுத்த இடமிருக்கிறதா என்று ஸ்டுடியோக்காரரிடம் முதலில் கேளுங்கள். பறையைக் கடைசியில் தனியாகச் சேர்க்காமல் குரலோடு சேர்த்து ஒரே மூச்சில் எடுங்கள், சரணத்துக்குச் சரணம் சுருதி இறங்கினால் இறங்கட்டும், கணினியில் தூக்கி நிறுத்தவேண்டாம். தோல் மாட்டியவரைப் பதிவன்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, வெயில் போதுமா, நெருப்பு போதுமா என்று அவரிடமே கேளுங்கள். சம்பளமும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கணக்கில் கொடுங்கள். பேர் போடும் இடத்தில் மாஸ்டரிங்குக்கு மேலேயே அவருக்கு ஒரு வரி ஒதுக்கலாம். வேலை வரிசைப்படி பார்த்தாலும் முதலில் நடந்தது அவர் வேலைதான்.